தம் கட்டாதீங்க

பெருங்குடலிலோ மலக்குடலிலோ அறுவை செய்து, மலம் வெளியே வர வயிற்றில் ஒரு வழி (ஸ்டோமா என்பார்கள்) வைத்து, அதன் மேல் பை ஒட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுப்பார்கள். மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே 'வெயிட் தூக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். எனக்குக் கொடுத்த சீட்டிலும் இருந்தது. எவ்வளவு வெயிட், எத்தனை மாதத்துக்கு, எதற்காக, தூக்கியே தீரவேண்டி வந்தால் எப்படித் தூக்குவது என்று எதுவும் இல்லை. நான் பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியை பெங்களூரில் ஒரு ஸ்டோமா செவிலியரிடமும், எங்கள் பக்கம் வீடு வீடாக வரும் இயன்முறை மருத்துவரிடமும், வார்டில் பழக்கமான மற்ற பைக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். (பைக்காரர் என்பது நாங்களே எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும்.)

எதற்கு இந்த எச்சரிக்கை எல்லாம் என்றால், ஹெர்னியாவுக்காக, அதாவது குடலிறக்கத்துக்காக. வயிற்றின் முன்பக்கம் தோலுக்கு அடியில் தசையும், தசையைப் போர்த்திய கெட்டியான சவ்வும் அடுக்கடுக்காக இருக்கின்றன. குடல் முன்னால் சரியாமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஸ்டோமா வைக்கவேண்டும் என்றால் அந்த அடுக்குகளில் ஒரு துளை போட்டுத்தான் குடலின் நுனியை வெளியே கொண்டுவர முடியும். மற்ற வெட்டுகளை எல்லாம் தைத்து மூடிவிடுவார்கள். இதை மூட முடியாது, மூடினால் மலம் எப்படி வெளியே வரும்? டயரில் வெட்டு விழுந்த இடத்தில் டியூப் பிதுங்கிக்கொண்டு நிற்குமே, கதை அதுதான். உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் துளையின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். ஒருநாள் ஸ்டோமாவை ஒட்டிக் குடலோ கொழுப்போ தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மருத்துவர்கள் பாராஸ்டோமல் ஹெர்னியா என்பார்கள். எங்கள் ஊரில் 'பை பக்கத்துல குடல் எறங்கிடுச்சு' என்பார்கள்.

இது அபூர்வமாக வருவது இல்லை. ஐரோப்பிய ஹெர்னியா சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள மதிப்பீட்டைப் பார்த்தால், ஒரு வருடத்துக்குள் 30 சதவீதத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் 40 சதவீதம், இன்னும் நாள் போனால் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ வருகிறது. முதல் இரண்டு வருடம்தான் முக்கியம் என்று எல்லாரும் சொல்வதற்கு இதுதான் காரணம். எனக்கு இதுவரை வரவில்லை. வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. செய்யவேண்டியதை எல்லாம் செய்த பிறகும் சிலருக்கு வரும். அவர்களைப் பார்த்து 'ஒழுங்கா இருந்திருக்கமாட்டே' என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வந்தவர்கள் எல்லாருக்கும் தொந்தரவு தருவதும் இல்லை. பலருக்குச் சின்ன மேடாக அப்படியே நின்றுவிடும். தொந்தரவு தரும்போது வலியைவிட முதலில் வருவது ஒழுகல்தான். 1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சென் என்ற செவிலியர், தன் சகோதரி தோராவுக்காக ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தார். ஸ்டோமா வைத்த தோரா, எங்கே ஒழுகிவிடுமோ என்று பயந்து வீட்டைவிட்டு வெளியே போகவே மறுத்தார். இன்றைக்கு நாம் ஒட்டுகிற எல்லாப் பைகளுக்கும் அதுதான் மூலம். ஸ்டோமாவைச் சுற்றித் தோல் மேடாகிவிட்டால், பையைத் தோலோடு பிடித்து வைக்கிற பிளேட் சரியாக ஒட்டாது, விளிம்பு தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான், தோரா பயந்த இடத்துக்கே நாமும் திரும்பிவிடுவோம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போது அடிவயிற்றில் ஈரம் தெரிவது எப்படி இருக்கும் என்று பைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

சரி, வயிற்றுக்குள் அழுத்தம் எப்போதெல்லாம் ஏறுகிறது? 2005இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இளம் வயதினர் 20 பேரை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சும்மா நிற்கும்போது சராசரியாக 20 மில்லிமீட்டர் பாதரசம். இருமும்போது 107. நின்ற இடத்தில் குதிக்கும்போது 171. நாலரைக் கிலோ எடையைத் தூக்கியபோதும் முட்டியை மடக்கிக் குனிந்தபோதும் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. இதைப் படித்ததும், என் சீட்டில் இருந்த வரி இருமலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது. மூட்டையை ஒரு நாளைக்குப் பத்து தடவை தூக்குவேனோ என்னவோ. நெஞ்சுச் சளி பிடித்தால் ஒரு ராத்திரியில் எத்தனை தடவை இருமுவேன்?

அதனால் என் கணக்கில் முதல் எதிரி பீடி. புகைப்பவர்களுக்கு இருமலும் போகாது, காயமும் சீக்கிரம் ஆறாது. இரண்டும் சேர்ந்து துளையைத்தான் பதம் பார்க்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கவேண்டும். கடையில் மூட்டை பிரிக்கும்போது பறக்கும் தூசிக்கு நான் முகக்கவசம் போட ஆரம்பித்தேன். புளி சீசனில் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கிற வீடுகளில் உட்கார்ந்தாலும் தும்மல் வரும். வீட்டில் மிளகாய் தாளிக்கும்போது சமையல்கட்டுப் பக்கம் போகாமல் இருந்துகொள்வேன்.

இருமலோ தும்மலோ வரத்தான் போகிறது என்று தெரிந்தால், உள்ளங்கையை விரித்துப் பைக்கு மேல் வைத்து, உள்பக்கமாக நிதானமாக அழுத்திக்கொண்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து இருமவேண்டும். வீட்டில் இருந்தால் சின்னத் தலையணையை வைத்து அழுத்தலாம். வெளியில் இருந்து கை கொடுக்கிற அழுத்தம் உள்ளிருந்து வருகிற அழுத்தத்துக்கு அணை போடும். ஆரம்பத்தில் யோசித்துச் செய்யவேண்டியிருந்தது, இப்போது கை தானாகப் போகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் 'என்னங்கண்ணா, வயித்து வலியா?' என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் இந்தக் கதையை முழுசாக எங்கே சொல்வது?

அடுத்தது, தம் கட்டுவது. எங்கள் பக்கம் லோடு இறக்குகிறவர்கள் வேலைக்குச் சேரும்போது கற்றுக்கொள்ளும் முதல் பாடமே 'தம் கட்டித் தூக்கு' என்பதுதான். நானும் அப்படிக் கற்றவன்தான். மூச்சை இழுத்து நிறுத்தினால் உதரவிதானம் கீழே இறங்கி நிற்கும். வயிற்றுத் தசை முன்னால் இறுகும். முதுகுக்கு அது ஒரு பிடிமானம், உண்மைதான். ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட குடலுக்கு ஒதுங்க இருக்கிற ஒரே இடம் அந்தத் துளைதான். அதனால் எங்களுக்குப் பாடம் தலைகீழ். அடிவயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு, தூக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும். முட்டியை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டி வைத்து எழவேண்டும். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பக் கூடாது. சந்தேகமாக இருந்தால் தூக்கும்போது வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். பேச முடிந்தால் தம் கட்டவில்லை என்று அர்த்தம்.

வெயிட் என்றால் மூட்டை மட்டுமே என்று நினைத்துக்கொள்கிறோம். என் நாளில் மூட்டைக்கு முன்னாலேயே வருவது கடை ஷட்டர். துருப்பிடித்த ஷட்டரைக் காலையில் மேலே தள்ளும்போது எல்லாருமே தம் கட்டித்தான் தள்ளுவோம். பைக்கை டபுள் ஸ்டாண்ட் போடுவது, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, கிணற்று மோட்டாரை நகர்த்துவது, கட்டிலை இழுத்துப் போடுவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம். வீடு நிறைய ஆட்களுக்குக் களி கிண்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்களுக்கு நடுவில் சட்டியை இடுக்கிக்கொண்டு துடுப்பைச் சுழற்றும்போது வயிறு என்ன பாடுபடுகிறது என்று கிண்டியவர்களுக்குத் தெரியும்.

எனக்குச் சொன்ன அளவு இதுதான். முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம். மூன்று மாதம் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கு அப்புறமும் பெரிய எடை தூக்குவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கு ஆள் இது மாறும், உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. நான் ஷட்டருக்கு எண்ணெய் விட்டு ஸ்பிரிங்கை மாற்றினேன். மூட்டைக்கு ஒரு பையனைச் சேர்த்தேன். சம்பளம் கொடுப்பது கஷ்டம்தான். மறுபடி ஆபரேஷன் என்றால் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் 'அண்ணன் இப்ப நெஜமாவே மொதலாளி ஆயிட்டாரு' என்று கிண்டல் செய்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களிடம் முதுகு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதுகு வலி என்றால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்.

இப்போது சீட்டில் சொல்லாமல் விட்ட பெரிய பாதிக்கு வருகிறேன். வெயிட் தூக்கக் கூடாது என்பதை நம் வீடுகளில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? அசையக் கூடாது என்று. எனக்கும் அதுதான் நடந்தது. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், 'எந்திரிக்காதடா, படு' என்பார்கள். என் அக்கா தட்டைக் கழுவி வைக்கக்கூட விடவில்லை. அன்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் வயிற்றுத் தசை மெலிந்துபோகும். மேலே கொழுப்பு சேரும். பிறகு ஒருநாள் எழுந்து உட்காரும்போது தாங்குவதற்குத் தசையே இருக்காது. துளை இருக்கிற சுவர் பலமாக இருக்கவேண்டும் என்றால் அதற்கு வேலை கொடுக்கவேண்டும், அளவாக.

பிரிட்டனில் ஸ்டோமா செவிலியர் இருவர் சேர்ந்து இதைச் செய்து பார்த்து 2005இல் எழுதியிருக்கிறார்கள். வயிற்றுக்கான எளிய பயிற்சிகள், மூன்று மாதம் கனம் தூக்காமல் இருப்பது, வேலை செய்யும்போது தாங்கு பெல்ட் என்று மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததில், முதல் வருடத்தில் ஹெர்னியா வந்தவர்கள் அதற்கு முந்தைய நோயாளிகளைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, முன்பு வந்தவர்களோடு ஒப்பிட்டதுதான். அதனால் அந்தப் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் காசு செலவில்லாத, ஆபத்து குறைந்த ஒரு விஷயத்துக்கு எனக்கு அந்தச் சான்று போதும்.

பயிற்சி என்றதும் ஜிம்மில் செய்வதை நினைக்காதீர்கள். தலையையும் தோளையும் தூக்கி எழுகிற சிட்-அப் எங்களுக்கு ஆகவே ஆகாது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்வது. மூச்சை விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் மெதுவாக இழுப்பது, சில நொடி வைத்திருந்து விடுவது. அதே நிலையில் கீழ் முதுகைப் பாயோடு அழுத்தி இடுப்பை லேசாகச் சாய்ப்பது. இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சமாகச் சாய்ப்பது. இவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே செய்யாத மாதிரிதான் தெரியும். மருத்துவர் சம்மதித்தால் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். தையல் இழுத்தாலோ வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும். இதோடு நடை. பாலக்கோட்டில் வெயில் ஏறுவதற்குள் சர்க்கரை ஆலை ரோட்டில் நடந்துவிட்டு வருவேன்.

இதைக் கற்றுக்கொள்ள பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகவேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைத்ததே நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும், நோய் முற்றியவர்களுக்கு ஆதரவு சிகிச்சை தருவதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, வயிற்று ஆபரேஷன் ஆனவர், பை இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் முதலில் பார்த்தது என் வயிற்றை அல்ல, கட்டிலை. 'சார், இந்தக் கட்டில்லயிருந்து எப்படி எந்திரிக்கிறீங்க, காட்டுங்க' என்றார். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து கிடக்கும். அதிலிருந்து எழுவது என்றால் வயிற்றை இறுக்கி ஒரே எம்பாக எம்பவேண்டும். பலகைக் கட்டிலுக்கு மாறச் சொன்னார். முட்டியை மடக்கி, மொத்த உடம்பையும் ஒருக்களித்துப் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையையும் கையையும் ஊன்றி எழவேண்டும் என்று செய்து காட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை படுத்து எழுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள், அதன் அருமை புரியும்.

இதுவரை எழுதியது எல்லாம் கடையும் வேலைக்கு ஒரு பையனும் வைத்திருக்கிற ஆண்பிள்ளையின் கதை. வார்டில் எங்களுக்கு அடுத்த பக்கம் பென்னாகரத்துக்கு அந்தாண்டை ஒரு கிராமத்து அக்கா இருந்தார். அவருக்கும் இடது பக்கம் ஸ்டோமா. அவருக்கும் அதே வரிதான். வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட ஆள் கிடையாது. மருமகள் வேலைக்குப் போகிறாள், மாடு இரண்டு நிற்கிறது, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குப் போய்ப் பிடிக்கவேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது அதற்காகத்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்தால்தான் குடிக்கமுடியும், போர் தண்ணீரை வைத்துச் சமாளிக்கிற பேச்சே இல்லை. 'குடம் தூக்காதேன்றாங்க தம்பி, அப்ப எவன் தூக்குவான்?' என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெண்கள் குடத்தைப் பெரும்பாலும் இடது இடுப்பில்தான் வைப்பார்கள், வலது கை வேலை செய்யவேண்டுமே. கொலாஸ்டமியும் (பெருங்குடலில் வைக்கிற ஸ்டோமா) பெரும்பாலும் இடது அடிவயிற்றில்தான். குடத்தின் வயிறு சரியாகப் பையின் மேல் வந்து உட்காரும். நிறைந்த பிளாஸ்டிக் குடம் பதினைந்து கிலோவுக்குப் பக்கம். எடையும் ஆகாது, உரசலும் ஆகாது. பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். அந்த அக்கா கடைசியில் கண்டுபிடித்த வழி எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்களைக் கழுவி, பாதி பாதியாகப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரரின் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருகிறார். பாதி கேன் என்றால் இரண்டரைக் கிலோ. புல்லுக்கட்டைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டிக்கொள்கிறார். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது என்கிறார். ஊரில் 'நோவு வந்ததும் சோம்பேறி ஆயிட்டா' என்று பேசுகிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் வீட்டில் இருக்கிற ஆண்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் பை வைத்திருப்பவர் பெண் என்றால், முதல் மூன்று மாதம் குழாயடிக்கு நீங்கள் போங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலம் கட்டக் கூடாது. கொலாஸ்டமிக்காரர்களுக்குக் கேழ்வரகும் கீரையும் தண்ணீரும் நல்லது, நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். இலியோஸ்டமி (சிறுகுடலில் வைக்கிற ஸ்டோமா) வைத்தவர்கள் அப்படியே இதைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு நாரும் சக்கையும் அடைத்துக்கொள்ளலாம், தண்ணீரும் உப்பும் சீக்கிரம் வற்றும். தொப்பை வேண்டாம். இடுப்பளவு 100 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஹெர்னியா வரும் வாய்ப்பு நன்றாகவே ஏறுகிறது. ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மாம்பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு இதைக் கடைப்பிடிப்பது எப்படி என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்காதீர்கள். வயதான ஆண்களுக்கு இன்னொன்று: புராஸ்டேட் வீங்கி முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கவேண்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த முக்கலும் இந்தத் துளையில்தான் போய் முட்டும்.

பெல்ட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பெல்ட் போட்டுவிட்டால் மூட்டை தூக்கலாமா? தூக்கக் கூடாது. பெல்ட் மட்டுமே ஹெர்னியாவைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. எனக்கு அது ஒரு கூடுதல் கை, அவ்வளவுதான். நின்று வேலை செய்யும்போதும் பைக்கில் போகும்போதும் போடுகிறேன், படுக்கும்போது கழற்றிவிடுகிறேன். மருந்துக்கடையில் வயிற்று பெல்ட் என்று கேட்டால், பிரசவமான பெண்களுக்கும் சிசேரியன் ஆனவர்களுக்கும் தருகிற பெல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். அது ஸ்டோமாவை யோசித்துச் செய்தது இல்லை. இறுக்கிக் கட்டினால் மலம் பைக்குள் இறங்காமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பி நிற்கும், பிறகு பிளேட்டைப் பிய்த்துக்கொண்டு பக்கவாட்டில் வரும். ஸ்டோமாவுக்கென்றே வருகிற பெல்ட்டை, ஸ்டோமா செவிலியர் அளவெடுத்துச் சொன்ன பிறகு வாங்குவதுதான் நல்லது. போடும் விதமும் முக்கியம். பையைக் காலி செய்துவிட்டு, மல்லாந்து படுத்து, உள்ளே இருப்பது எல்லாம் உள்ளே போன பிறகு, படுத்தபடியே போட்டுக்கொண்டு எழவேண்டும். நின்றுகொண்டு போட்டால் பிதுங்கியதைப் பிதுங்கியபடியே கட்டி வைத்த மாதிரி ஆகும். சித்திரை வெயிலில் உள்ளே வேர்த்துக் கொட்டும். அடியில் மெல்லிய பருத்தி பனியன் போட்டால் கொஞ்சம் தாங்கலாம்.

இன்னும் அறுவை ஆகாதவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இருக்கிற வாய்ப்பு எங்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. ஸ்டோமா எந்த இடத்தில் வரவேண்டும் என்று அறுவைக்கு முன்பே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து மட்டும் குறிக்கக் கூடாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்துக் குறிக்கவேண்டும். தொப்புள், பழைய தழும்பு, தோல் மடிப்பு, எலும்பு மேடு எல்லாவற்றையும் விட்டு விலகி, நடுவயிற்றின் நீளத் தசை வழியாக, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கவேண்டும். லுங்கி கட்டுகிறவர் லுங்கியோடு போங்கள், பாவாடை நாடா எங்கே விழும் என்று பெண்கள் காட்டுங்கள். அவசர அறுவையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அது வேறு. நிரந்தரக் கொலாஸ்டமி என்றால் அப்போதே துளையைச் சுற்றி மெஷ் (தாங்குவதற்கான வலை) வைப்பதைப் பற்றியும் கேட்கலாம். 2018 ஐரோப்பிய வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் 2019இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், மெஷ் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் ஒரு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஹெர்னியா வருகிறதா என்று தெரிந்துகொள்ள, குளிக்கும்போது கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். நிற்கும்போது மேடு தெரிந்து, படுத்தால் மறைந்தால் சந்தேகப்படவேண்டும். நாள் முழுக்க ஒரு பாரம் இழுப்பது போன்ற வலியும், வழக்கமாக ஒட்டும் பிளேட் திடீரென்று அடிக்கடி கழன்றுவருவதும் மற்ற அறிகுறிகள். செக்கப்புக்குப் போனால், உங்களை நிற்க வைத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்க வைத்துப் பார்த்தால் சின்ன ஹெர்னியா ஒளிந்துகொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு பெல்ட்டும் வேறு வகை பிளேட்டும் எடைக் குறைப்புமே போதும். மறு அறுவை கடைசிப் பேச்சுதான். துளையை வெறும் தையலால் சுருக்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பால் சுகர்பேக்கர் 1985இல் எழுதிய முறையில், குடலைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மேலே மெஷ்ஷால் போர்த்துகிறார்கள். அது பரவாயில்லை, ஆனாலும் திரும்ப வராது என்று சொல்ல முடியாது. ஸ்டோமாவையே வேறு இடத்துக்கு மாற்றினால் அங்கேயும் புதிதாக ஒரு துளைதான்.

ஒரு நிலைமையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. மேடு கல் மாதிரி இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலி விடாமல் ஏறிக்கொண்டே போவது. பைக்குள் மலமும் காற்றும் வராமல் நின்றுபோவது. வாந்தி. ஸ்டோமாவின் சிவப்பு மாறி நீலமாகவோ கறுப்பாகவோ ஆவது. குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகிற அறிகுறிகள் இவை. அதை நீங்களே உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்காதீர்கள், விடியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, தருமபுரியோ கிருஷ்ணகிரியோ எது பக்கமோ அந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை வாயில் எதுவும் கொடுக்கவேண்டாம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டையும், மாற்றுவதற்கு இரண்டு பையும், ஸ்டோமா அளவுக்கு வெட்டி வைத்த பிளேட்டும் கையோடு இருக்கட்டும். அவசரப் பிரிவில் பையும் பிளேட்டும் உடனே கிடைக்காமல் போகலாம்.